கீழ்வீட்டம்மாவின் பதில்

எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் யாரும் சும்மா போய்விட முடியாது. கேஸ் சிலிண்டர் தூக்கி வருகிறவர், கேபிள் டிவிக்குக் காசு வாங்க வருகிறவர், யாராக இருந்தாலும் கேட்டில் கை வைக்கும்போது கீழ்வீட்டு அம்மாவின் குரல் பிடரியில் வந்து விழும்.

“தம்பி, என்னா இது, சொல்லாமக் கொள்ளாம? போயிட்டு வாரேன்னு சொல்லிட்டுப் போங்க.”

அவர்கள் திரும்பி நின்று, அசடு வழிந்துகொண்டு சொல்ல வேண்டும். அதற்கு அம்மா, “போயிட்டு வாங்க தம்பி” என்று பதில் சொன்ன பிறகுதான் கேட்டைத் திறக்கலாம். தண்ணீர் மீற்றர் பார்க்க வருகிறவர் சிங்களவர். அவரையும் விடுவதில்லை. “கிஹின் என்னம் அம்மே” என்று அவரும் தன் பாஷையில் போய் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போவார். அவர்கள் வீட்டிலும் அதே வழக்கம்தான் என்பதால் அவருக்கு இது பெரிதாகப் படவில்லை. எனக்குத்தான் எரிச்சல். இரண்டு முட்டை வாங்க மூலைக் கடைக்கு ஓடுகிறவளை நிறுத்திவைத்து இவ்வளவு சடங்கு எதற்கு?

அந்த எரிச்சலை வைத்துத்தான் நான் இப்போது சம்பாதிக்கிறேன்.

வீடு பேராதனை வீதியிலிருந்து பிரிந்து மேட்டில் ஏறும் ஒரு சந்தில் இருக்கிறது. கீழே அம்மா தனியாக. மேலே நானும் என் கணவரும் வாடகைக்கு. அம்மாவின் கணவர் டவுனில் பலசரக்குக் கடை வைத்திருந்தவர். நாங்கள் வருவதற்கு முன்பே இறந்துவிட்டார். ஒரே மகன் வெளிநாட்டில். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். மாடிப்படி அவருடைய சமையலறை ஜன்னலை ஒட்டி ஏறுகிறது. அதனால் எங்கள் வீட்டுக்கு வரும் பையில் மீன் இருக்கிறதா கோழி இருக்கிறதா என்பது என் கணவருக்கு முன்னால் அவருக்குத் தெரிந்துவிடும். தண்ணீருக்கு இரண்டு வீட்டுக்கும் ஒரே மோட்டர். அதைப் போடப் போகிறார் என்றால் கரண்டியால் குழாயில் தட்டுவார். அந்தச் சத்தம் மேலே என் சமையலறைச் சுவருக்குள் ‘டங் டங்’ என்று வரும். நான் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடிப்போய் தண்ணீர்த் தாங்கியின் வால்வைத் திறக்க வேண்டும்.

எனக்கு உட்கார்ந்த இடத்தில் இருப்புக் கொள்ளாது. பிறந்ததிலிருந்தே அப்படித்தான் என்று கம்பளையில் இருக்கும் என் அம்மா சொல்வார். டவுனில் ஒரு கொமியூனிகேஷன் கடையில் வேலை பார்த்தேன். போட்டோ கொப்பி, ரீலோட், கடவுச்சீட்டு விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பது என்று நாள் முழுக்க ஓட்டமாக இருக்கும். சாமான் விலையெல்லாம் தலைக்கு மேல் போன காலத்தில் முதலாளி கடையை மூடிவிட்டார். வீட்டில் இருந்த முதல் வாரத்திலேயே நான் அலுமாரியை இடம் மாற்றி இடம் மாற்றி வைத்தேன். என் கணவர் ஹாட்வெயார் கடையில் வேலை செய்கிறவர். சாயங்காலம் களைத்துப்போய் வந்து கதவைத் திறந்தவர், காலையில் இல்லாத இடத்தில் அலுமாரி நின்றதால் நேராகப் போய் நெற்றியை இடித்துக்கொண்டார்.

“ஒனக்கு ஏதாவது ஒரு வேல வேணும். இல்லாட்டி என் மண்ட தாங்காது” என்றார்.

அப்படித்தான் வீடியோவுக்கு வந்தேன். முதலில் கடைகளுக்கு. சேலைக் கடை, பேக்கரி, ஃபேன்ஸிக் கடை என்று போய், ஒரு நிமிடத்துக்குள் அடங்கும் வீடியோ எடுத்துத் தருகிறேன் என்று கேட்பேன். கண்டியில் காலையில்தான் வெளிச்சம் நன்றாக இருக்கும். மத்தியானத்துக்குப் பிறகு மேகம் எப்போது இறங்கும் என்று சொல்ல முடியாது. கூட்டம் இல்லாததும் காலையில்தான். ஆனால் காலையில் போனால் முதலாளிமார் முகம் சுருங்கிவிடும். “இன்னும் போணி ஆகல தங்கச்சி” என்பார்கள். முதல் வியாபாரம் நடக்காமல் கெமராவோடு ஒருத்தி கடைக்குள் சுற்றுவது ஆகாது. நான் வாசலில் நின்று யாராவது வந்து எதையாவது வாங்கமாட்டார்களா என்று கால் மாற்றிக் கால் மாற்றி நிற்பேன். பொறுமை போய்விடும். கடைசியில் நானே ஒரு சீப்பை வாங்கிப் போணி பண்ணிவிட்டு வேலையைத் தொடங்குவேன். அப்படி வாங்கிய சீப்பும் ஊசியும் ரிப்பனும் அலுமாரியில் ஒரு தட்டை நிறைத்தன. “முடி கொட்டிக்கிட்டு வருது, சீப்பு மட்டும் கூடிக்கிட்டுப் போகுது” என்று என் கணவர் கிண்டல் செய்வார். கடைக்காரர்கள் பலரும் காசாகத் தரவும் மாட்டார்கள். ஒரு பேக்கரிக்காரர் கேக்காகவே தந்தார். ஒரு மாதம் முழுக்க நாங்கள் காலைச் சாப்பாட்டுக்கு கேக் தின்றோம்.

கீழ்வீட்டம்மாவை வீடியோவில் போட்டது ஆத்திரத்தில் நடந்தது. ஒருநாள் கம்பளை பஸ்ஸைப் பிடிக்க ஓடிக்கொண்டிருந்தேன். அம்மா கூப்பிட்டார். நான் கேட்காத மாதிரி போனேன். அவர் விடவில்லை, சந்து முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டு, திரும்பி வரவைத்து, சொல்லவைத்துத்தான் அனுப்பினார். பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸுக்குள் மழை வந்துவிட்டது. அன்று சாயங்காலம் ஒரு பெரிய நைட்டியை மாட்டிக்கொண்டு, தோளில் துவாயைப் போட்டு, கையில் கரண்டியோடு அம்மா மாதிரியே இடுப்பில் கைவைத்து நின்று, என் கணவரைக் கத்திக் கூப்பிட்டேன். “என்னா இது, சொல்லாமக் கொள்ளாம?” அவர் சிரித்த சிரிப்பில் தேநீர் மூக்கில் ஏறிவிட்டது. இன்னொரு தடவை செய் என்று போனை எடுத்தார்.

அதை வீடியோ செயலியில் போட்டுவிட்டு நான் உலை வைக்கப் போனேன். சோறு வடிப்பதற்குள் போன் துடிக்கத் தொடங்கியது. பதுளையிலிருந்து, கொழும்பிலிருந்து, கட்டாரிலிருந்து, பாரிஸிலிருந்து ஆட்கள் எழுதினார்கள். எங்கள் அம்மாவும் இப்படித்தான், எங்கள் பெரியம்மாவும் இப்படித்தான். நான் வடித்த சோறு குழைந்துபோனது. ‘கீழ்வீட்டம்மா’ என்று அதற்கு ஒரு பெயர் வைத்து வாரம் இரண்டு போடத் தொடங்கினேன். சீப்பு வாங்கிச் சேர்த்த காலம் முடிந்தது. பார்வைகள் கூடியதும் செயலிக்காரர்கள் டொலரில் கணக்குப் பார்த்து வங்கிக்கு அனுப்பினார்கள். எவ்வளவு வரும், ஏன் போன மாதத்தைவிடக் குறைந்தது என்று கேட்க ஒரு ஆள் கிடையாது. ஆனாலும் வந்தது. வாடகையை என் காசில் கொடுத்த முதல் மாதம், அந்த நோட்டுகளை அம்மாவின் கையில் வைத்தபோது எனக்கு உள்ளுக்குள் ஒரு மாதிரி இருந்தது. அவரை வைத்துச் சம்பாதித்து அவருக்கே கொடுக்கிறேன். அவர் எச்சில் தொட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, “போயிட்டு வாரேன்னு சொல்லிட்டுப் போ புள்ள” என்றார்.

இந்தத் தொழிலில் இரண்டு விஷயம் முக்கியம். முதல் செக்கனிலேயே ஆளைப் பிடித்து நிறுத்த வேண்டும். கடைசியைக் கூசாமல் வெட்ட வேண்டும். வீடியோ முடிந்துவிட்டது என்று பார்க்கிறவர்களுக்குத் தெரியும் முன்னரே அது மறுபடி தொடக்கத்துக்குப் போய் ஓடத் தொடங்கியிருக்க வேண்டும். அப்போதுதான் ஒரே ஆள் இரண்டு மூன்று தடவை பார்ப்பார். அதனால் என் வீடியோவில் அம்மா கத்துவார், வந்தவர் பயந்துபோய் “போயிட்டு வாரேம்மா” என்பார், அந்த இடத்தில் வெட்டு. அம்மா பதிலுக்குச் சொல்வதை ஆரம்பத்தில் எடுத்துப் பார்த்தேன். அதில் சிரிப்பு எதுவும் இல்லை, வேகமும் இறங்கிவிடுகிறது. வெட்டிவிட்டேன். பிறகு அதை எடுப்பதையே விட்டுவிட்டேன்.

பணம் வந்ததும் பயமும் வந்தது. அம்மாவுக்குத் தெரிந்தால்? எங்கள் வீட்டு ஒப்பந்தம் வருடத்துக்கு வருடம் எழுதுவது. சித்திரை வருடப் பிறப்புக்கு முன்னால் புதுப்பிக்க வேண்டும். அவர் இல்லை என்று சொல்லிவிட்டால் கண்டியில் இந்த வாடகைக்கு வீடு கிடையாது. நல்ல அறைகளையெல்லாம் சுற்றுலாக்காரர்களுக்கு நாள் கணக்கில் விடுகிறார்கள். மிச்சத்தைப் பேராதனைப் பல்கலைக்கழகப் பிள்ளைகள் பிடித்துவிடுகிறார்கள். நாங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை சும்மா, வீட்டோடு ஒட்டி வாடகைக்கு விடும் இரண்டு அனெக்ஸ் பார்த்துவிட்டு வந்தோம். ஒன்றில் குளியலறைக்குப் போக வீட்டுக்காரரின் சாமியறையைக் கடக்க வேண்டும். மற்றதில் ஜன்னலே இல்லை. குடியிருக்கும் வீடும் வருமானமும் ஒரே மனுஷியின் கையில் இருந்தன, அந்த மனுஷியை நான் ஊருக்கே காட்டிச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தேன்.

அதனால் செவ்வாயும் வெள்ளியும் அம்மா கோவிலுக்குப் போகும் நேரமாகப் பார்த்து எடுப்பேன். ஜன்னலில் தலையணையை அடைப்பேன். அவர் குடையை மறந்து திரும்பி வந்த ஒருநாள் நைட்டியோடும் கரண்டியோடும் குளியலறைக்குள் ஒளிந்துகொண்டேன். இதற்குள் குரங்குகள் வேறு. கூரைத் தகரத்தில் அவை ஓடினால் நல்ல டேக் ஒன்று போய்விடும். பாண் ரொட்டி விற்கும் ஓட்டோ தன் வழக்கமான பாட்டை ஒலிக்கவிட்டுக்கொண்டு சந்துக்குள் வந்தால் அன்றைய வேலை அவ்வளவுதான். ஒரு தடவை உரிமையில்லாத இசை பின்னால் கேட்டது என்று செயலி என் வீடியோவை நிறுத்தியே வைத்தது. கம்பளை பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்பிள்ளைகள் போனில் குனிந்து என் கீழ்வீட்டம்மாவைப் பார்த்துச் சிரித்தார்கள். சந்தோஷப்பட வேண்டியவள் நான். அதற்குப் பதில் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன். இந்தப் பிள்ளைகள் வரை வந்தது, எங்கள் சந்து வரை வர எவ்வளவு நேரம் ஆகும்?

அம்மாவிடமும் போன் இருந்தது. ஆனால் அவர் அதை வரும் அழைப்புக்கு மட்டும் எடுப்பார். அது அலுமாரி மேல் சாமி படத்துக்குப் பக்கத்தில் கிடக்கும். அதை நம்பித்தான் நான் இருந்தேன்.

மாசி மாதத்தில் ஒரு மத்தியானம். தாங்கி நிரம்பிக் கிடக்கிறது. மோட்டர் போடும் நேரம் இல்லை. சுவருக்குள் ‘டங் டங்’ என்றது. நின்றது. பிறகு இன்னும் பலமாகத் தட்டினார். என்னவோ ஏதோ என்று படியில் இறங்கினேன். அம்மா முன் அறையில் கதிரையில் உட்கார்ந்திருந்தார். மடியில் போன். அதிலிருந்து என் குரல் வந்துகொண்டிருந்தது. “என்னா இது, சொல்லாமக் கொள்ளாம?” முடிந்து மறுபடி, “என்னா இது, சொல்லாமக் கொள்ளாம?”

நான் போனைப் பார்த்தபடி வாசற்படியில் நின்றேன்.

“இது நீதானே?” என்றார்.

“ஆமாம்மா.”

“இந்த நைட்டிய எங்க புடிச்ச?”

“டவுன்ல, பேவ்மன்ட்லம்மா.”

“என் நைட்டில பூ இவ்வளவு பெருசு இல்ல.” திரும்பவும் திரையைப் பார்த்தார். வீட்டைக் காலி பண்ணு என்ற சொல்லுக்காக நான் காத்திருந்தேன். ஜன்னல் இல்லாத அந்த அனெக்ஸ் கண்முன் வந்தது. அலுமாரியை அதற்குள் எப்படிக் கொண்டுபோவது என்றுகூட நினைத்தேன்.

“மகன் அனுப்பியிருக்கான்” என்றார் அம்மா.

அது எனக்கு உடனே புரியவில்லை. அவரே சொன்னார். மகன் ருமேனியாவில் ஏதோ ஒரு பெக்டரியில் வேலை செய்கிறான். மாதாமாதம் பேங்குக்குக் காசு அனுப்புவான், பேச்சு மட்டும் கிடையாது. போன நாளிலிருந்து ஒரு தடவைகூட அழைத்ததில்லை. இன்று காலையில் முதல் தடவையாக இதை அனுப்பியிருக்கிறான். ஒரு எழுத்துக்கூட இல்லை. மேல்வீட்டில் இருக்கும் நான்தான் இதைச் செய்கிறவள் என்பது அவனுக்குத் தெரிந்திருக்க நியாயம் இல்லை. நாங்கள் குடிவந்ததே அவன் போன பிறகுதான்.

“ஒனக்கு இதெல்லாம் தெரியுமே. இத எதுக்கு அனுப்பினான்? நக்கலா? இல்லாட்டி…”

நாள் முழுக்க அடுத்தவர்களின் கருத்துகளை வாசித்துக்கொண்டிருக்கிறவள் நான். எழுத்துப் பிழையை வைத்தே எழுதினவர் சிரிக்கிறாரா திட்டுகிறாரா என்று சொல்லிவிடுவேன். இதில் வாசிக்க ஒன்றும் இல்லை. “நெனப்பு வந்து அனுப்பியிருப்பாரும்மா” என்று மட்டும் சொன்னேன்.

அவர் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. “சரி, மீதி எங்க?” என்றார்.

“என்ன மீதிம்மா?”

“அந்தத் தம்பி போயிட்டு வாரேன்னு சொல்லுது. நான் பதில் சொல்லுவேன்ல? ஒரு நாளாவது நான் சொல்லாம இருந்திருக்கேனா? அது எங்க இதுல?”

“அத வெட்டிட்டேம்மா. நீளமாப் போச்சுன்னா யாரும் பாக்க மாட்டாங்க.”

அவர் போனைக் கதிரைக் கைப்பிடியில் வைத்தார். பிறகு என்னைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“அவன் போன அன்னைக்கு வேன் வந்து கேட்டடியில நிக்குது. நான் வேணாம் வேணாம்னு சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுப் போயிருந்தேன். டவுன்ல ஒரு வேலைக்கு ஆளப் புடிச்சு வச்சிருந்தேன் அவனுக்கு. அத விட்டுட்டுப் போறான். எனக்கு ஆத்திரம். அவன் பேக்கத் தூக்கிக்கிட்டு, போயிட்டு வாரேம்மான்னான். நான் பூச்செடிக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு நிக்கிறேன். திரும்பல. இன்னொரு தடவ சொன்னான். அப்பவும் திரும்பல. மூணாவது தடவ சொல்லிட்டு நின்னான். வேன்காரன் ஹோன் அடிச்சான். போயிட்டான்.”

வெளியில் யாரோ படி ஏறும் சத்தம் கேட்டது; பக்கத்து வீட்டுக்கு. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி போனைக் கையில் எடுத்தார்.

“நீ போட்டிருக்கிறதும் அப்படித்தான் இருக்கு. அவன் சொல்றான். என் வாயில ஒண்ணும் இல்ல.”

இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து நான் சடங்கு என்று சலித்துக்கொண்டது இவருக்கு என்னவாக இருந்திருக்கிறது. கேஸ்காரரையும் மீற்றர்காரரையும் நிறுத்தி நிறுத்தி அந்த ஒரு சொல்லைச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். நான் அதில் சிரிப்பை மட்டும் எடுத்துக்கொண்டு, அவர் சொல்ல விரும்பியதை நறுக்கி எறிந்திருக்கிறேன். வெட்கமாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது. அழுதால் அதற்கும் திட்டுவார் என்று அடக்கிக்கொண்டேன்.

“அந்த மீதிய ஒட்டலாமா?” என்று கேட்டார்.

“என் கொரல்ல வேணாம்மா. நீங்களே சொல்லுங்க, எடுத்துத் தாரேன். ஒங்க போன்லயே நேரா அவருக்கு அனுப்பலாம்.”

“இல்ல. அவன் அதுலதான் பாத்தான். அதுலயே போடு. ஊரெல்லாம் பாத்துச் சிரிச்சாங்கல்ல, ஊரெல்லாம் பாக்கட்டும்.”

மேலே வந்து யோசித்தபோது பயம் இன்னொரு பக்கமாக வந்தது. உண்மையான கீழ்வீட்டம்மாவைக் காட்டிவிட்டால் என் கீழ்வீட்டம்மாவை யார் பார்ப்பார்கள்? சிரிப்பில்லாத, வேகமில்லாத ஒரு வீடியோவைப் போட்டால் அதோடு கணக்கே படுத்துவிடும். செயலி அடுத்து வருவதையும் யாருக்கும் காட்டாது. இந்த மாத வாடகை அதில்தான் இருக்கிறது. இதையெல்லாம் என் கணவரிடம் கொட்டினேன். அவர் சாப்பிட்டுக்கொண்டே கேட்டுவிட்டு, “அம்மா வீட்டக் காலி பண்ணச் சொல்லலதானே?” என்றார். இல்லை என்றேன். “அப்ப என்னா? நாளைக்கு எடு” என்று தட்டைக் கழுவப் போனார்.

காலையில் அம்மா நைட்டியில் வரமாட்டேன் என்றார். சேலை மாற்றி, பொட்டு வைத்து, தலையைப் படிய வாரி வருவதற்குள் வெயில் முற்றத்தை விட்டு நகரத் தொடங்கிவிட்டது. நான் ஸ்டாண்டை மேலும் கீழும் மாற்றிக்கொண்டிருந்தேன். முதல் தடவை குரங்கு ஒன்று மதிலில் வந்து உட்கார்ந்து அவரையே பார்த்தது. அவர் வசனத்தை விட்டுவிட்டுக் குரங்கைத் திட்டினார். இரண்டாம் தடவை பாண் ஓட்டோ வந்தது. அதைப் போகவிட்டு நின்றோம். என் கணவருக்குக் கடைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. அவரையே நடந்து போகச் சொன்னேன்.

அவர் சாப்பாட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு கேட்டுக்குப் போய்த் திரும்பி, “போயிட்டு வாரேம்மா” என்றார். நடிக்கவில்லை, அது அவர் தினமும் சொல்வதுதான்.

அம்மா வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. என் கணவர் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். “சொல்லுங்கம்மா” என்று என் நாக்கு நுனிவரை வந்தது. எப்படியோ அடக்கினேன்.

“போயிட்டு வாப்பா” என்றார் அம்மா.

நான் இத்தனை நாள் போட்டுக் காட்டிய குரல் இல்லை அது. அடிக் குரல். பக்கத்தில் நிற்கிறவனுக்குச் சொல்வது போல இருந்தது. என் கணவர் கேட்டைச் சாத்திவிட்டுச் சந்தில் இறங்கிப் போய்விட்டார். அம்மா அசையவில்லை. கேட்டையும் அதற்கு அப்பால் இறங்கும் பாதையையும் பார்த்தபடி நின்றார். என் கட்டைவிரல் பொத்தானுக்கு மேலே ஆடிக்கொண்டிருந்தது. இந்த இடத்தில் வெட்ட வேண்டும், இதோ இந்த இடத்தில், இல்லை இப்போதாவது என்று என் தொழில் என்னைக் குடைந்தது. நான் வெட்டவில்லை. அவராகத் திரும்பி, “முடிஞ்சிருச்சா?” என்று கேட்கும்வரை ஓடவிட்டேன். அந்தக் கேள்வியையும் சேர்த்தே போட்டேன்.

பயந்ததுதான் நடந்தது. மத்தியானம்வரை கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன், எண் நகரவில்லை. சிரிப்பு எங்கே என்று ஒருவர் கேட்டார். கடைசியை வெட்டுங்கள், இழுக்கிறது என்று இன்னொருவர் புத்தி சொன்னார். சிலர் இவர்தான் உண்மையான அம்மாவா, பாவம் என்று எழுதினார்கள். பலர் பாதியிலேயே விரலால் தள்ளிவிட்டுப் போயிருந்தார்கள். எந்தச் செக்கனில் போனார்கள் என்றுகூடச் செயலியின் வரைபடக் கோடு காட்டியது. அடுத்து நைட்டி போட்டு எடுத்த வீடியோவும் அதோடு சேர்ந்து படுத்தது. நான் வீட்டுக்குள் மேலும் கீழும் நடந்தேன். அலுமாரியைக்கூட நகர்த்தினேன்.

என்னைவிட மோசமாக இருந்தார் கீழே இருந்தவர். விடிந்ததும் குழாயில் ‘டங் டங்’ என்று சத்தம் வரும். ஓடி இறங்கினால், “வந்திருச்சா?” என்பார். சாமி படத்துக்குப் பக்கத்தில் கிடந்த போன் இப்போது இடுப்பில் செருகியிருந்தது. அவன் பார்த்தானா இல்லையா என்று எப்படித் தெரியும், ஒருவேளை அங்கே காட்டவில்லையோ, நேரம் வித்தியாசமோ, வேலைக்குப் போயிருப்பானோ. நான் எனக்குள் கேட்டுக்கொள்ளும் கேள்விகளையெல்லாம் அவர் வாய்விட்டுக் கேட்டார். ஒருநாள் மோட்டரைப் போட்டுவிட்டு மறந்துபோய், தாங்கி நிரம்பி வழிந்து சந்து முழுக்கத் தண்ணீர் ஓடியது. கேஸ்காரர் வந்துவிட்டுச் சத்தமில்லாமல் போனார். அம்மா கூப்பிடவில்லை. அந்த மனிதர் கேட்டடியில் நின்று குழப்பத்தோடு திரும்பிப் பார்த்தார். எனக்கு அது பொறுக்கவில்லை. மேலேயிருந்து நானே, “போயிட்டு வாங்க அண்ணே” என்றேன்.

பிறகு ஒரு காலை. சுவருக்குள் தட்டும் சத்தம் நிற்காமல் வந்தது. தோசை கல்லில் இருந்தது, அப்படியே விட்டுவிட்டு இறங்கினேன். அம்மா கதிரையில் இல்லை. முற்றத்தில் பூச்செடிகளுக்குப் பக்கத்தில் நின்றார். ஒரு கையில் கரண்டி, மறு கையில் போன். போனைக் காதில் வைக்காமல் வாய்க்கு நேராகப் பிடித்திருந்தார். அதை என் பக்கம் நீட்டினார்.

குரல் செய்தி ஒன்று வந்திருந்தது. நான் அழுத்தினேன். பின்னால் ஏதோ மெஷின் இரைச்சல். அதற்கு மேல் ஒரு ஆம்பிளைக் குரல், அவசரமாக, கொஞ்சம் கரகரப்பாக.

“கேட்டுச்சும்மா.”

அவ்வளவுதான். அம்மா போனைத் திரும்ப வாங்கி அழுத்தினார். கேட்டுச்சும்மா. மறுபடி அழுத்தினார்.

“இவ்வளவுதானா இது?”

“ரெண்டு செக்கன்தாம்மா.”

“நீ சொன்னது சரிதான் புள்ள. சின்னதா இருந்தாத்தான் திரும்பத் திரும்பப் பாக்கலாம்.” கண்ணைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு மூக்கை உறிஞ்சினார். “சளி புடிச்சிருக்கு அவனுக்கு. கொரல் கேட்டியா? ஒன் வீட்டுக்காரர ஞாயித்துக்கிழம வரச் சொல்லு, அக்ரிமென்ட்ட எழுதிரலாம். நைட்டிய மட்டும் மாத்து. பூ ரொம்பப் பெருசு.”

மேலே தோசை கருகிக் கட்டையாகிவிட்டது. பார்வைகள் குறைந்ததால் மறுபடி கடைகளுக்கு எடுக்கத் தொடங்கியிருந்தேன்; அன்று கம்பளையில் ஒரு சேலைக் கடையில் வேலை இருந்தது. போணி ஆகும் நேரத்துக்காவது போய்ச் சேர வேண்டும். கருகினதைச் சுரண்டிப் போட்டுவிட்டு, போனை பேக்கில் திணித்துக்கொண்டு இறங்கினேன். அம்மா இன்னும் அதே இடத்தில் நின்றார். இப்போது போன் காதில் இருந்தது. அழுத்துவார், கேட்பார், அழுத்துவார். என் வீடியோ எதையும் ஒரே ஆள் இத்தனை தடவை பார்த்ததில்லை.

கேட்டடியில் நின்று, “போயிட்டு வாரேம்மா” என்றேன். யாரும் கூப்பிடாமல் நானாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவருக்குக் கேட்கவில்லை. இன்னும் சத்தமாகச் சொன்னேன். அப்போதும் கேட்கவில்லை. கீழே வீதியில் கம்பளை பஸ் ஹோன் அடிப்பது கேட்டது. ஓடினால் பிடிக்கலாம். நான் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்று, மூன்றாவது தடவையும் சொன்னேன்.

அவர் போனைக் காதிலிருந்து எடுத்தார்.

“போயிட்டு வா புள்ள” என்றார். அதைக் கேட்ட பிறகுதான் நான் கேட்டைத் திறந்தேன்.